பதற்றமில்லாமல் வரவும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவளைப் பதற்றமில்லாமல் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் வெகு முன்னரே வந்துவிட்டாள். வாசலில் நின்ற காவலாளி கடிகாரத்தைப் பார்த்தான்.

"இவ்வளவு சீக்கிரம் வந்தா பதற்றம்னு எழுதிடுவாங்க. ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

அவள் வளாகத்தைச் சுற்றினாள். குளிரில் காது மரத்துப்போனது. திரும்பி வந்தபோது காவலாளி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இப்ப லேட்டு. லேட்டா வந்தா அக்கறை இல்லைன்னு எழுதுவாங்க. ஓடுங்க."

ஓடினாள்.

கட்டடத்தின் பெயர் மாணவர் நிலைபெறுதல் அலுவலகம். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த ஒவ்வொருவரும் முதல் பருவம் முடிவதற்குள் தாம் இங்கே நிலைபெற்றுவிட்டதாகச் சான்று வாங்க வேண்டும். வாங்காதவர்களின் விசா நின்றுவிடும். இது மாணவர்களின் நலனுக்காக என்று சுவரில் எழுதியிருந்தது. அதன் கீழே சிரிக்கும் மாணவர்களின் படங்கள். எல்லோரும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்திருந்தார்கள்.

காத்திருக்கும் அறையின் நாற்காலிகள் மிக மென்மையானவை. உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வந்தது. பெயரைக் கூப்பிட்டபோது அவளால் உடனே எழ முடியவில்லை. மூலையில் இருந்த ஒருவர் அவள் எழுந்த விதத்தைக் குறித்துக்கொண்டார்.

அதிகாரி கம்பளிச் சட்டை போட்ட பெண்மணி. கனிவான குரல்.

"பயமா இருக்கா?"

"இல்ல மேடம்."

"இல்லைன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு பயந்தவங்க. மீதிப் பேரு பொய் சொல்றவங்க. நீங்க எந்தப் பாதி?"

அவள் யோசித்தாள். "கொஞ்சம் பயமாத்தான் இருக்கு மேடம்."

"ரொம்ப நல்லது. நேர்மைக்கு இங்க மதிப்பு உண்டு." அதிகாரி எழுதினார். "ஆனா பயந்தவங்களை நாங்க வச்சிக்கறதில்ல. ஊருக்கு அனுப்பிடுவோம். அவங்க நல்லதுக்குத்தான். அதனால நீங்க பயப்படாதீங்க."

"சரி மேடம்."

"கை ஏன் நடுங்குது?"

"வெளியே குளிரு மேடம். வளாகத்தை ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்."

"எதுக்கு?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இடம் புரியாமல் அலைகிறார் என்று அதிகாரி வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார்.

*

அவள் படிக்க வந்தது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. அதற்காகக் குடிநீர் வாரியத்தில் நிரந்தர வேலையை விட்டிருந்தாள். சேதி கேட்டு மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"இவளா? ஒரு மாசம் தாங்க மாட்டா. அழுதுக்கிட்டு வந்து நிப்பா. அப்ப எங்கிட்ட வராத."

அம்மா அண்ணன் பேச்சை அதுவரை தட்டியதில்லை. அன்று எழுந்து அவர் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவப் போட்டாள். அவர் இன்னும் மோர்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் என்று வேறு யாரும் இல்லை.

எனவே திரும்பிப் போவது அவள் ஒருத்தி திரும்பிப் போவதல்ல.

விடுதியில் பக்கத்து அறை ஒரு தமிழ் அக்காவுடையது. முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். பல வருடங்களாக இங்கே இருக்கிறாள். இன்னும் முழுச் சான்று வரவில்லை. தற்காலிகமாக நிலைபெற்றவர் என்று ஒவ்வொரு பருவமும் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புதுசு, முதல் விசாரணையிலயே உண்மையைச் சொல்லிட்டியாமே?" என்றாள் அக்கா.

"கேட்டாங்கக்கா. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடறதா? நாளைக்கு ரூம் பாக்க வருவாங்க. ஒரு தொட்டிச் செடி வாங்கி வை. செடி இருந்தா இவ போறவ இல்லன்னு நினைப்பாங்க. சிரிப்பு எப்படி வரும் உனக்கு?"

"எதுக்கு?"

"சும்மா. சிரி, பாப்போம்."

அவள் சிரித்தாள்.

"இது பல்லு டாக்டர்கிட்ட காட்டற மாதிரி இருக்கு. கண்ணும் சேந்து சிரிக்கணும். இங்க பாரு." அக்கா சிரித்தாள். உண்மையில் நன்றாகவே இருந்தது. சட்டென்று நிறுத்தினாள். "செட்டில் ஆனவ மாதிரி நடிக்கறதுல நான் நல்லா செட்டில் ஆயிட்டேன்டி. வேற ஒண்ணுமில்ல."

அறையைப் பார்க்க இருவர் வந்தார்கள். காலணி போட்டபடியே உள்ளே வந்தார்கள். ஒருவர் கதவுக்கு வெளியே குனிந்து அவளுடைய செருப்பைப் பார்த்தார்.

"செருப்பு ரெண்டும் வெளிப்பக்கம் பாத்து இருக்கு."

"கழட்டிட்டுத் திருப்பி வைக்கறது பழக்கம் சார். போகும்போது சுலபமா இருக்கும்."

"போகும்போது," என்றார் அவர் மற்றவரிடம். மற்றவர் எழுதினார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டியை நிறுத்தி, அதன்மேல் துண்டு விரித்து, தண்ணீர்ப் புட்டியும் கண்ணாடியும் வைத்திருந்தாள். அறையில் மேசை ஒன்றுதான். அது கதவருகே இருந்தது.

"பெட்டியைக் கைக்கெட்டற தூரத்துல வச்சிருக்கீங்க."

"மேசை மாதிரி வச்சிருக்கேன் சார்."

"சக்கரம் வச்ச மேசை," என்றார் அவர்.

செடியைப் பாராட்டினார்கள். புதிதாக இருக்கிறதே என்றார்கள். விலைச்சீட்டு இன்னும் தொட்டியின் அடியில் ஒட்டியிருந்தது.

அறைச் சோதனையின் முடிவில் அவள் இயல்பாக இருத்தல் வகுப்பில் சேர்க்கப்பட்டாள். கட்டாய வகுப்பு. தினமும் காலையில் நடந்தது. அவள் ஆய்வகத்தில் நுண்ணுயிர்த் தொட்டிக்குத் தீனி போட வேண்டிய நேரம் அது. ஒரு நாளாவது வராவிட்டால் காரணம் கேட்பார்கள். காரணம் இருந்தால் மன உளைச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் எல்லா நாட்டுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்றுநர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இயல்பா இருங்க. இல்ல, அப்படி இல்ல. தோளை விடுங்க. இவ்வளவு விடாதீங்க. ஜன்னல் வழியா ஒரு நோக்கமும் இல்லாம பாருங்க. நீங்க, அந்த நீலச் சட்டை, ஏதோ நினைச்சுக்கிட்டுப் பாக்கறீங்க. என்ன நினைச்சீங்க?"

நீலச் சட்டைக்காரன் ஒன்றும் நினைக்கவில்லை என்றான்.

"ஒண்ணுமே நினைக்காம எப்படி இருக்க முடியும்? அது நல்ல அறிகுறி இல்லையே," என்றார் பயிற்றுநர்.

மறுநாள் அவன் இடம் காலியாக இருந்தது. வட்டத்தை நெருக்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

*

அடுத்த கட்டம் வீட்டு விசாரணை. அலுவலகமே மாணவர்களின் பெற்றோருக்குப் போன் செய்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசும். மாணவர்களிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேசி முடித்தபின் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

"உங்க அம்மா ரொம்ப நல்லா பேசினாங்க," என்றார் கம்பளிச் சட்டை அதிகாரி. "ரெண்டு கோரிக்கை வச்சாங்க."

"என்ன மேடம்?"

அதிகாரி மொழிபெயர்ப்பைப் படித்தார். "'அவ தனியா இருந்து பழக்கமில்லாதவ. கொஞ்சம் பாத்துக்குங்க. உங்க பொண்ணா நினைச்சுக்குங்க.' இதுல ரெண்டாவது கோரிக்கை சட்டப்படி முடியாது. இருந்தாலும் இயக்குநர்கிட்ட கேட்டோம். அவருக்கு ஏற்கனவே ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களாம். முதல் கோரிக்கையை ஏத்துக்கிட்டோம்."

"மேடம், அது சும்மா சொல்றது. எங்க ஊர்ல எல்லா அம்மாவும் எல்லார்கிட்டயும் சொல்வாங்க. பஸ்ஸுல ஏத்தி விடும்போது கண்டக்டர்கிட்டகூடச் சொல்வாங்க, பாத்துக்குங்கன்னு."

"கண்டக்டர் பாத்துக்குவாரா?"

"இல்ல மேடம்."

"அதுதான் வித்தியாசம்," என்றார் அதிகாரி. "நாங்க பாத்துக்குவோம்."

மறுநாள் காலை கவனிப்பாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண். கையில் மடக்கு நாற்காலி. அறை மூலையில் அதை விரித்து உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன்னே நினைக்காதீங்க. எப்பவும் போல இருங்க."

அவள் அடுப்பில் சோறு வைத்தாள். சாப்பிடும் நேரம் வந்ததும் கவனிப்பாளரிடம் கேட்டாள்.

"நீங்களும் சாப்பிடுங்களேன்."

"விதிப்படி நான் எதையும் வாங்கிக்கக் கூடாது."

அவள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த ஒருவர் சும்மா இருக்கும்போது தான் மட்டும் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. இரண்டு வாய் வைத்தாள். மூன்றாவது இறங்கவில்லை. மறுபடியும் கேட்டாள்.

"கொஞ்சமாவது?"

"இல்ல. நன்றி."

தட்டை மூடி வைத்தாள். உணவை மறுக்கிறார் என்று கவனிப்பாளர் எழுதினார். அவருக்கும் பசித்திருக்க வேண்டும். வயிறு இரையும் சத்தம் கேட்டது. அதை யார் கணக்கில் எழுதுவது என்று சிறிது தயங்கிவிட்டு, மாணவியின் கணக்கில் எழுதினார்.

விளக்கை அணைத்ததும் கவனிப்பாளர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் அவள் நாளுக்கு நாள் சீக்கிரமாக விளக்கை அணைத்தாள். பொழுது சாயும் முன்பே படுத்துவிடுகிறார் என்று அதுவும் பதிவாயிற்று. போர்வைக்குள் விழித்தபடி கிடந்தாள். நடைபாதையில் நாற்காலி மடங்கும் சத்தம் வேறு அறைகளிலிருந்தும் வந்தது.

கவனிப்பாளர் ஆய்வகத்துக்கும் வந்தார். பேராசிரியர் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போலத் திரும்பிக்கொண்டார். கண்ணாடித் தொட்டியில் பழுப்புநிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார் கவனிப்பாளர்.

"நுண்ணுயிர்ங்க. அழுக்கைத் தின்னு தண்ணியைத் தெளிய வைக்கும். வேற ஊர்லேருந்து கொண்டு வந்தது. புதுத் தண்ணிக்குப் பழகிக்கிட்டிருக்கு."

"பழகிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"வேளைக்குத் தீனி போட்டு, நோண்டாம விட்டா தானாப் பழகும்."

"யாரு சான்று குடுப்பாங்க?"

கேலியோ என்று நிமிர்ந்து பார்த்தாள். கவனிப்பாளர் பேனாவோடு பதிலுக்குக் காத்திருந்தார்.

*

ஒரு காலையில் அக்காவின் அறைக்கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் மெத்தை இல்லை. அலமாரிகள் திறந்திருந்தன. துப்புரவுப் பெண் சுவரிலிருந்து பசை நாடாவைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்தவங்க எங்க?"

துப்புரவுப் பெண் முதலில், பின்னால் நின்ற கவனிப்பாளரின் கையிலிருந்த மடக்கு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நேத்து புதுப்பிக்கப் போனாங்க. அதிகாரி ஒரு ஜோக் சொன்னாராம். இவங்க ஜோக் முடியறதுக்கு முன்னாடியே சிரிச்சுட்டாங்களாம்."

அவள் அங்கேயே நின்றாள். அழுகை வந்தது. பின்னால் பேனாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அழுகையை விழுங்கினாள். விழுங்கியது எழுதப்பட்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ஆய்வகத்துக்குப் போனபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றார்கள். காலை வகுப்புகளால் தீனி தவறித் தவறித் தொட்டி கறுத்துவிட்டது. முட்டை அழுகிய நாற்றம். பேராசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு திட்டினார். ஆனால் முகத்தில் சிரிப்பை வைத்திருந்தார். கவனிப்பாளர் எதிரில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

"இத்தனை நாள் வேலையும் போச்சு. காலையில எங்கம்மா போறே?" என்று சிரித்தார்.

"இயல்பா இருக்கறதுக்கு சார்," என்று அவளும் சிரித்தாள்.

இறுதி விசாரணைக்கு அன்று மாலையே கூப்பிட்டார்கள்.

*

நீளமான அறை. ஒரு பக்கம் இயக்குநர், கம்பளிச் சட்டை அதிகாரி, கவனிப்பாளர், காதில் கருவி மாட்டிய மொழிபெயர்ப்பாளர். எதிரே அவள். நடுவே ஒரு திரை, இப்போதைக்கு இருட்டாக.

இயக்குநர் மெலிந்த மனிதர். பேசும்போது விரல்நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடி மாணவர்கள் பாட்டுக்கு வருவாங்க, படிப்பாங்க, பட்டம் வாங்கிட்டுப் போவாங்க. யாரு பயந்தாங்க, யாரு பயப்படலைன்னு ஒரு தகவலும் கிடையாது. இருண்ட காலம். இப்ப எங்களுக்குத் துல்லியமா தெரியும். எல்லாருமே பயப்படறாங்க. இதைக் கண்டுபிடிச்சது நாங்கதான்."

அதிகாரி பெருமையுடன் தலையசைத்தார்.

"எங்க சான்று வாங்கின ஒருத்தர்கூட இதுவரைக்கும் பயந்து ஊருக்குப் போனதில்ல. ஏன்னா பயந்தவங்களுக்கு நாங்க சான்றே குடுக்கறதில்ல. இந்த வெற்றியைப் பாத்துட்டு வேற பல்கலைக்கழகங்கள்ல இருந்து வந்து கத்துக்கிட்டுப் போறாங்க. சிலர் எங்களைக் கடுமையானவங்கன்னு சொல்றாங்க. தப்பு. நாங்க யாரையும் அனுப்பறதில்ல. இடத்தைக் காலி பண்ணித் தர்றோம், அவ்வளவுதான். புதுசா வர்றவங்களுக்கு இடம் வேணுமில்லையா? அவங்களையும் பாத்துக்கணுமே."

கவனிப்பாளரை அறிக்கை கேட்டார். கவனிப்பாளர் எழுந்தார்.

"நான் போன முதல் நாள் மாணவி ஓரளவு நல்லாத்தான் இருந்தாங்க. அப்புறம் சாப்பாடு குறைஞ்சுது. தூக்கம் கெட்டுது. ஆய்வு கெட்டுது. நான் மட்டும் போகலைன்னா இதெல்லாம் யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது," என்றார் இயக்குநர். "நடந்துகூட இருக்காது. உங்க சேவை பெரிசு."

கவனிப்பாளர் கூச்சத்துடன் உட்கார்ந்தார்.

அவள் வாயைத் திறந்தாள். "சார், எனக்கு இங்க படிக்கணும். தொட்டியை மறுபடி ஆரம்பிச்சா சரி பண்ணிடுவேன். என்னை அனுப்பிடாதீங்க."

"பயப்படறீங்களா?"

"இல்ல சார்."

"அனுப்பிடாதீங்கன்னு சொன்னீங்க. பயமில்லாதவங்க அப்படிக் கேக்க மாட்டாங்களே."

அவள் உள்ளங்கை ஈரத்தைப் பாவாடையில் துடைக்காமல் இருக்க விரல்களைக் கோத்து வைத்துக்கொண்டாள்.

"கடைசியா ஒரு வாய்ப்பு உண்டு," என்றார் இயக்குநர். "தாய் உரையாடல். உலகத்துல எந்த மாணவரும் தாய்கிட்ட நடிக்க முடியாது. இது எங்க ஆராய்ச்சி. இப்ப உங்க அம்மாவோட பேசப்போறீங்க. பேச்சு இயல்பா இருந்தா சான்றுல இங்கயே கையெழுத்துப் போடறேன்."

மொழிபெயர்ப்பாளர் அவளருகே வந்து விதிகளைச் சொன்னார். சிரித்த முகமாக இருக்க வேண்டும். அழக் கூடாது. இந்த அறையில் மற்றவர்கள் இருப்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அம்மா இயல்பாகப் பேச மாட்டார். பேச்சு செல்லாது. செல்லாமல் போனால் மறுவாய்ப்பு இல்லை. விமான நிலையத்துக்கு வண்டி தயாராக நிற்கிறது. பதற்றம் வேண்டாம்.

நான்கு பேரும் கேமராவின் கண்ணுக்கு எட்டாத சுவரோரமாக நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். திரை வெளிச்சமானது.

முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு அம்மாவின் நெற்றி. பிறகு ஒரு கண்.

"கேக்குதா? பாப்பா, கேக்குதாடி?"

"கேக்குதும்மா. போனைக் கொஞ்சம் கீழே பிடி."

அம்மாவின் முகம் முழுதாக வந்தது. வெளியே போய்விட்டு வந்த புடவையை இன்னும் மாற்றவில்லை. சுவரோரத்தில் மொழிபெயர்ப்பாளர் இயக்குநரின் காதில் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா." அவள் சிரித்தாள். கண்ணும் சேர்ந்து சிரிக்கும்படி பார்த்துக்கொண்டாள்.

"என்ன சாப்பிட்ட?"

"சோறு வச்சேன். பருப்பு வச்சேன். வயிறு நிறைய சாப்பிட்டேன்."

"தூங்கறியா ஒழுங்கா?"

"நல்லா தூங்கறேம்மா. படுத்தா காலையிலதான்."

இயக்குநர் தலையசைத்தார். அதிகாரி ஒரு காகிதத்தை அவர் முன்னால் நகர்த்தினார். அவர் பேனாவைத் திறந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் அதைப் பார்த்தாள்.

"உங்க காலேஜ்லேருந்து அன்னிக்கு ஒரு அம்மா பேசினாங்க. தங்கமான மனுஷி. நான் சொல்லியிருக்கேன், உன்னைப் பாத்துக்கச் சொல்லி. பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்கம்மா. ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க."

கம்பளிச் சட்டை அதிகாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"கீழ்வீட்டுப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு. இனிப்பு கொண்டு வந்து குடுத்தா. உன்னைத்தான் கேட்டா, அக்கா எப்படி இருக்காங்கன்னு. ராணி மாதிரி இருக்கான்னு சொன்னேன்."

"ஆமாம்மா," என்று அவள் சிரித்தாள்.

"குழாய்த் தண்ணி மறுபடி கலங்கலா வருது. நீ இருந்தா ஆபீஸுக்குப் போன் போட்டிருப்ப."

"ஆமாம்மா," என்று அவள் சிரித்தாள்.

"பக்கத்துத் தெரு டெய்லர் செத்துப்போயிட்டாரு. உன் ஸ்கூல் யூனிஃபாரம் எல்லாம் அவர்தானே தைப்பாரு. திடீர்னு நெஞ்சு வலின்னாராம்."

"ஆமாம்மா," என்று அவள் சிரித்தாள்.

இயக்குநரின் பேனா காகிதத்தைத் தொட்டது. தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

அம்மா போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். இன்னும் அருகில். திரை முழுவதும் அம்மாவின் கண்கள்தான் இருந்தன. அவை அவளைப் பார்த்தன. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தன. பிறகு மறுபடியும் அவளை. சுவரோரத்தில் முணுமுணுப்பு நின்றது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். கன்னம் வலித்தது.

அம்மா குரலை இறக்கிக்கொண்டாள்.

"பாப்பா, எதுக்குடி இப்படிச் சிரிச்சுக்கிட்டே இருக்க? உன் பக்கத்துல யாரு இருக்கா?"